ராஜா முகமும் பத்தர் உரைகல்லும்

போன வாரம் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு கல்லூரிப் பிள்ளை கைபேசியைத் தூக்கிக்கொண்டு வந்தான். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படம். பொற்காசு ஒன்று. அதில் ஓர் ஆளின் பக்கவாட்டு முகம். கன்னத்தின் குறுக்கே உளியால் போட்ட ஆழமான வெட்டு.

“தாத்தா, இது புதுக்கோட்டைப் பக்கம் கிடைச்ச ரோமன் காசாம். மூஞ்சியில ஏன் வெட்டி வச்சிருக்காங்க? நீங்கதான் பிரெஞ்சு படிச்சவராச்சே, சொல்லுங்க.”

உத்திரமேரூரில் எனக்கு இது ஒரு தண்டனை. புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்று தெரிந்த நாளிலிருந்து, மருந்துப் பாட்டில் சீட்டு முதல் ஜெர்மன் இயந்திரத்தின் விளக்கக் குறிப்பு வரை எல்லாம் என்னிடம்தான் வரும். ஆனால் இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கொஞ்சம் தெரியும். முப்பது வருஷத்துக்கு மேல் கருவூலத்தில் எழுத்தராக இருந்தவன் நான். காசை வெட்டுவதைக் கண்ணால் பார்த்தவன். அன்று அவனுக்கு அவசரம், பாதி சொல்வதற்குள் பஸ்ஸுக்கு ஓடிவிட்டான். மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த முகம் காசில் எப்படி ஏறியது என்று பார்க்க வேண்டும்.

பத்திரிகையும் வானொலியும் இல்லாத காலத்தில், ராஜா ஒருவன் தன் சேதியைக் குடிமக்கள் எல்லோர் கையிலும் சேர்க்க வேண்டுமென்றால் அதற்கு ஒரே வழி காசுதான். கல்வெட்டு இருந்த இடத்திலேயே இருக்கும். காசு நடக்கும். சந்தைக்குப் போகும், கப்பலேறும், சிப்பாய் மடியில் படுத்துத் தூங்கும். இதை ரோமர்கள் நன்றாகவே புரிந்துகொண்டார்கள்.

ரோமில் உயிரோடு இருக்கும் ஒருவனின் முகத்தைக் காசில் போடும் வழக்கம் முதலில் கிடையாது. தெய்வங்களையும் செத்துப்போன முன்னோர்களையும்தான் போடுவார்கள். கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் தன் முகத்தைப் போட்டுக்கொண்டார். கூடவே ‘ஆயுள் முழுவதும் சர்வாதிகாரி’ என்ற பட்டம். இவன் ராஜாவாகப் பார்க்கிறான் என்று பயந்தவர்களுக்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? அதே வருஷம் மார்ச் 15ஆம் தேதி அவரைக் குத்திக் கொன்றார்கள். கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ் அடுத்து ஒரு காசு அடித்தார். ஒரு பக்கம் இரண்டு கத்திகள், நடுவில் விடுதலை பெற்ற அடிமை அணியும் குல்லாய், கீழே ‘மார்ச் 15’ என்ற பொருளில் எழுத்து. அதாவது, நாட்டை விடுவித்தோம் என்கிறார். மறுபக்கம் திருப்பினால் யார் முகம்? புரூட்டஸ் முகமேதான்! முகம் போட்டதற்காக ஒருவரைக் கொன்றவர் தன் முகத்தைப் போட்டுக்கொண்டார். அரசியலில் இது புதிது ஒன்றும் இல்லை என்று நம் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சீசரின் வாரிசான அகஸ்டஸ் இதில் பெரிய கெட்டிக்காரர். கி.மு. 30இல் எகிப்தைப் பிடித்தார். உடனே முதலை படம் போட்டு ‘எகிப்து பிடிபட்டது’ என்று காசு அடித்தார். பிரான்சின் தெற்கே நீம் என்று ஒரு நகரம். அங்கே அடித்த காசில் ஒரு முதலையைப் பனை போன்ற மரத்தில் சங்கிலியால் கட்டிப்போட்டிருக்கும். இன்றைக்கும் அந்த நகரத்தின் சின்னம் அந்த முதலைதான். பிரெஞ்சுப் பாடப்புத்தகத்தில் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, பிரான்சில் முதலை ஏது என்று நாங்கள் குழம்பியிருக்கிறோம்.

அந்த முதலைக்கும் நமக்கும் சம்பந்தம் உண்டு. எகிப்து ரோமர் கைக்குப் போனதால்தான் செங்கடல் துறைமுகங்கள் அவர்கள் கைக்குப் போயின. அங்கிருந்துதான் கப்பல்கள் பருவக்காற்றைப் பிடித்து நம் மேற்குக் கரைக்கு வந்தன. ஒரு துறைமுகத்திலிருந்து மட்டும் வருஷத்துக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் போவதாக அக்காலத்து ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். அவர்களுக்கு வேண்டியது மிளகு, முத்து, பச்சைக்கல், மெல்லிய துணி. நமக்கு வேண்டியது பொன்னும் வெள்ளியும். இந்தியா வருஷம் தவறாமல் 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சிக்கொள்கிறது என்று பிளினி புலம்பியிருக்கிறார்.

அப்படி வந்த காசுகள்தான் பொள்ளாச்சி, கரூர், கோயம்புத்தூர் வட்டாரங்களில் பானை பானையாகக் கிடைத்தன. வெள்ளிக் காசுகளில் இரண்டு வகைதான் அதிகம். ஒன்று அகஸ்டஸ் அடித்தது. அதன் பின்பக்கம் இரண்டு இளைஞர்கள் கேடயமும் ஈட்டியுமாக நிற்பார்கள். அவர்கள் கேயஸ், லூசியஸ் என்ற இரண்டு பேரப்பிள்ளைகள். அகஸ்டஸ் அவர்களைச் சுவீகாரம் எடுத்துப் பிள்ளைகளாக்கிக்கொண்டார். ‘எனக்குப் பிறகு இவர்கள்தான், கவலைப்படாதீர்கள்’ என்பது சேதி. இன்னொன்று அவருக்குப் பின் வந்த டைபீரியஸ் அடித்தது. பின்பக்கம் ஒரு பெண் கையில் கிளையுடன் உட்கார்ந்திருப்பாள். அவள் டைபீரியஸின் தாயார் என்று பலர் சொல்வார்கள். இந்த இரண்டு வகையும் அடிக்கப்பட்ட இடம் லுக்துனும். இன்றைய பிரான்சின் லியோன் நகரம். புதுச்சேரிப் பள்ளியில் லியோன் பட்டுக்குப் பெயர்போனது என்று மனப்பாடம் செய்த எனக்கு, அந்த ஊர்க் காசு அன்றைக்கே பொள்ளாச்சிக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று பின்னாளில் படித்தபோது உடம்பு சிலிர்த்தது.

இதில் ஒரு சோகமும் உண்டு. அந்தப் பேரப்பிள்ளைகளில் லூசியஸ் கி.பி. 2இல் மார்செய் நகரில் செத்துப்போனான். இரண்டு வருஷம் கழித்து கேயஸும் போய்விட்டான். ஆனால் காசுக்குச் சாவு தெரியாது. ‘இவர்களே வருங்கால அரசர்கள்’ என்று சொல்லிக்கொண்டு, செத்துப்போன இரண்டு பிள்ளைகளும் கரூர்ச் சந்தையில் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

இங்கே வாங்கியவர் அந்தச் சேதியைப் படித்தாரா? லத்தீன் எழுத்து அவருக்கு எதற்கு? அவர் என்ன பார்த்தார் என்பதற்கு நல்ல சாட்சி ஒன்று இருக்கிறது. பிளினியே எழுதியது. கிளாடியஸ் காலத்தில் ஒரு ரோமானிய வரி ஒப்பந்தக்காரரின் ஆள் காற்றில் அடித்துக்கொண்டு போய் இலங்கைக் கரையில் ஒதுங்கினான். அவனிடமிருந்த வெள்ளிக் காசுகளை அந்த நாட்டு ராஜா வாங்கிப் பார்த்தார். காசுகளில் முகங்கள் வேறு வேறு. அப்படியானால் வேறு வேறு அரசர்கள் அடித்தவை. ஆனால் எடை எல்லாம் ஒன்றாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் ராஜா வியந்து, ரோமர்கள் நேர்மையானவர்கள் என்று முடிவு கட்டினாராம். முகத்தைப் பார்த்து அல்ல. எடையைப் பார்த்து.

பிறகு என்ன ஆயிற்று? கி.பி. 64 வாக்கில் நீரோ எடையில் கை வைத்தார். ஒரு ரோமன் பவுண்டு வெள்ளியில் 84 காசு அடித்த இடத்தில் 96 அடித்தார். வெள்ளியின் தரத்தையும் குறைத்தார். பொற்காசு பவுண்டுக்கு 40 என்றிருந்தது 45 ஆயிற்று. காசில் நீரோவின் முகம் முன்னைவிட அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு அடித்த வெள்ளிக் காசுகள் நம் பக்கத்துப் புதையல்களில் அரிது. பழைய அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகளைத்தான் நம் வியாபாரிகள் கேட்டு வாங்கினார்கள்.

இப்போது அந்த வெட்டுக்கு வருகிறேன். புதுக்கோட்டை சமஸ்தானத்தில் கறுக்காக்குறிச்சி என்ற ஊரில் 1898இல் ஒரு பானையில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ் தொடங்கி வெஸ்பாசியன் வரை. அவற்றில் பத்துக்கு ஒன்பது காசில் ராஜாவின் தலைமேல் உளி வெட்டு. தலையுள்ள பக்கத்தில்தான் வெட்டு.

ஏன்? அறிஞர்கள் இரண்டு மூன்று விதமாகச் சொல்கிறார்கள். உள்ளே செம்பு வைத்து மேலே பொன் பூசிய கள்ளக் காசா என்று பார்க்க வெட்டினார்கள் என்பது ஒரு கட்சி. இனி இது காசாகச் செல்லாது, வெறும் பொன்தான் என்று காட்ட வெட்டினார்கள் என்பது இன்னொரு கட்சி. அந்தப் புதையலைப் பற்றி அப்போதே எழுதிய பிரிட்டிஷ் நாணய அறிஞர் ஹில் இந்தப் பக்கம். அந்நிய ராஜாவின் அதிகாரம் இங்கே செல்லாது என்று முகத்தை அழித்தார்கள் என்று கொஞ்சம் வீரமாகச் சொல்கிறவர்களும் உண்டு. கூட்டத்தில் கைதட்டு வாங்க மூன்றாவதுதான் வசதி.

என் அனுபவம் ஒன்று சொல்கிறேன். சந்தேகமான கள்ளக் காசை வெட்டிப்போட 1906ஆம் ஆண்டு நாணயச் சட்டமே அதிகாரம் கொடுத்திருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் கருவூலத்தில் வயதான ஷராப் ஒருவர் இருந்தார். காசைக் கல்லில் சுண்டிச் சத்தம் கேட்டே சொல்லிவிடுவார். ஈயக் காசு அகப்பட்டால் உளியை வைத்து ஒரே போடு. சிங்கத் தலை உள்ள பக்கத்தைத்தான் மேலே வைப்பார். “ஏன் சார், அரசாங்கச் சின்னத்தின் மேலேயே வெட்டுறீங்களே?” என்று கேட்டேன். “அந்தப் பக்கந்தான் தம்பி மேடு. உளி வழுக்காது” என்றார்.

அதனால் கறுக்காக்குறிச்சி வெட்டில் ரோம ராஜாமேல் கோபம் இருந்தது என்று நான் நினைக்கவில்லை. கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, மரியாதை என்று எடுத்துக்கொள்ளலாம். எனக்குத் தோன்றுவது அதைவிடக் கடுமையானது. வெட்டியவருக்கு அந்த முகம் ஒரு பொருட்டே இல்லை. உலகத்தின் பாதியை ஆண்டவன் என்று சொல்லிக்கொண்ட அந்தத் தலை அவருக்கு உளி வழுக்காத ஒரு மேடு. அவ்வளவுதான்.

காசில் சேதி போடும் வித்தையை நம் அரசர்கள் கற்றுக்கொள்ளாமலும் இல்லை. கரூர் அமராவதி ஆற்றில் கிடைத்த சேரர் வெள்ளிக் காசுகளில் மாக்கோதை, குட்டுவன் கோதை என்ற பெயர்கள் தமிழ் பிராமி எழுத்தில், பக்கத்தில் அரசன் தலை. ரோமக் காசைப் பார்த்துச் செய்த மாதிரி. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி இவற்றைத் தேடிச் சேர்த்து எழுதியிராவிட்டால் பாதிக்குமேல் உருக்குக்குப் போயிருக்கும்.

பிற்காலச் சோழர் காசில் முகத்தைவிடச் சின்னம் முக்கியம். ராஜராஜன் காசில் புலி உட்கார்ந்திருக்கும், பக்கத்தில் மீனும் வில்லும். பாண்டியனும் சேரனும் என் கட்டுக்குள் என்று எழுத்தில்லாமலே புரியும். ராஜேந்திரன் பொற்காசில் ‘கங்கைகொண்ட சோழன்’ என்றே போட்டுக்கொண்டார். ஆனால் சக்கரம் சுற்றும் அல்லவா? 1216இல் பட்டத்துக்கு வந்த மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழ நாட்டை அடித்து நொறுக்கினார். பிறகு செப்புக் காசில் தமிழில் ‘சோணாடு கொண்டான்’. ராஜராஜன் காசில் எழுத்து நாகரி. பாண்டியர் செப்புக் காசில் தமிழ். கீரைக்காரி மடியில் இருக்கும் சில்லறைக்கு எந்த எழுத்து வேண்டும் என்று பாண்டியருக்குத் தெரிந்திருக்கிறது.

எங்கள் புதுச்சேரியிலும் அப்படித்தான். பிரெஞ்சுக்காரர் காலத்துச் செப்புத் துட்டில் ஒரு பக்கம் பிரான்சு ராஜாக்களின் லில்லிப் பூ, மறுபக்கம் தமிழில் ‘புதுச்சேரி’. 1830இல் பாரீசில் புரட்சி வந்து பழைய ராஜவம்சம் போயிற்று. கொஞ்ச வருஷத்தில் இங்கே காசிலும் லில்லிப் பூ போய்ச் சேவல் வந்துவிட்டது. பாரீசில் ஆள் மாறினால் நம் கடைத்தெருவில் காசு மாறும்.

அந்தச் சேவலைப் பற்றித்தான் எனக்கு ஒரு வீட்டுக் கதை உண்டு. அதற்கு முன் உத்திரமேரூரைப் பற்றி ஒரு வார்த்தை.

எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோவிலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் குடவோலைக் கல்வெட்டைப் பார்க்கத்தான் வருகிறார்கள். முதலாம் பராந்தகன் காலம், 919, 921ஆம் ஆண்டுகள். தேர்தல், தகுதி, கணக்குக் காட்டாதவனுக்குத் தடை என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். கேட்டுவிட்டுப் படமெடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதே கல்வெட்டில் ஏரி வாரியம், தோட்ட வாரியத்தோடு பொன் வாரியம் என்றும் ஒன்று இருப்பதை அதிகம் பேர் கேட்பதில்லை. ஊரில் புழங்கும் பொன்னின் மாற்றைச் சோதிக்க ஆட்களை நியமிப்பது பற்றி இவ்வூரில் தனியாகவே ஒரு கல்வெட்டும் உண்டு. யோசித்துப் பாருங்கள். மேலே ராஜா காசில் புலியைப் போடுகிறார், மெய்க்கீர்த்தியில் வெற்றிகளைப் பாடவைக்கிறார். கீழே சபை என்ன செய்கிறது? சரி சுவாமி, நன்றாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, பொன்னை உரசிப் பார்க்க ஆள் வைக்கிறது. குடவோலைக்குச் சமமாக நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம் இது என்பது என் அபிப்பிராயம்.

இப்போது வீட்டுக் கதை. என் தாத்தா சொல்தா. அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். சைகோன் போய்த் திரும்பியவர். அவர் விட்டுப்போனது மூன்று பிரெஞ்சுப் பொற்காசு, 20 பிராங்க். ஒரு பக்கம் குடியரசுப் பெண் மரியான் முகம், மறுபக்கம் சேவல், சேவலைச் சுற்றி ‘லிபெர்த்தே, எகலித்தே, ஃப்ரத்தெர்னித்தே’. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கோழிக்காசு. அப்பா அதைப் பூஜை சாமான் போல வைத்திருந்தார். 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த பிறகும், வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துத் துடைத்து, அந்த மூன்று வார்த்தையையும் என்னைப் படிக்கச் சொல்வார். நான் உச்சரிப்பில் தப்பு விட்டால் குட்டு விழும்.

1972இல் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. கையில் பணம் இல்லை. கடன் கேட்ட இடத்தில் கிடைக்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் அப்பா ஒன்றும் பேசாமல் கோழிக்காசை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு பத்தர் வீட்டுக்குப் போனார்.

பத்தர் காசைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்தார். தராசில் போட்டார். “முசியே, மூணும் சேர்ந்து ரெண்டரைச் சவரனுக்குக் கொஞ்சம் கம்மி. மாத்தும் ராணிக் காசைவிட ஒரு பொட்டு கம்மி” என்றார். உண்மைதான். இங்கிலீஷ் சவரனில் ஆயிரத்துக்கு 916 பங்கு பொன், பிரெஞ்சுக் காசில் 900. அப்பா முகம் சுண்டிப்போயிற்று. வெள்ளைக்காரன் ராணியிடம் குடியரசு தோற்றுவிட்டதே!

“கொஞ்சம் இரும் பத்தரே” என்று சொல்லி ஒரு காசை மட்டும் திரும்ப வாங்கினார். என்னிடம் நீட்டினார். படித்தேன். இந்தத் தடவை உச்சரிப்பைத் திருத்தவில்லை. காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மூசையில் முதலில் சேவல் போயிற்று, பிறகு மரியான், பிறகு வார்த்தைகள். அக்காவுக்குத் தாலிச் சங்கிலி வந்தது. அவள் இன்றும் போட்டிருக்கிறாள்.

திரும்பி வரும்போது அப்பா சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. “மூணு காசும் ஒரே எடை பார்த்தியா? ஒரு குந்துமணி வித்தியாசம் இல்லை. சொன்னபடி போட்டிருக்கான்.”

இலங்கை ராஜாவின் கதையை நான் பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். படித்தபோது அப்பா குரல்தான் கேட்டது. காசில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். எழுதியவன் யோக்கியன்தானா என்று எழுத்து சொல்லாது. எடை சொல்லும்.

அந்த ‘சவரன்’ என்ற வார்த்தையையே பாருங்கள். விக்டோரியா ராணி முகம் போட்ட இங்கிலீஷ் பொற்காசின் பெயர் அது. இங்கிலீஷில் ‘அரசாளுகிறவர்’ என்று அர்த்தம். எடை 7.98 கிராம். அகஸ்டஸின் பொற்காசும் கிட்டத்தட்ட அதே எடைதான் என்பது வேடிக்கை. இன்றைக்கு நகைக்கடையில் சவரன் என்றால் என்ன? 8 கிராம். ராணியும் இல்லை, ராஜ்யமும் இல்லை. சூரியன் மறையாத சாம்ராஜ்யத்தின் அதிபதிப் பட்டத்தை நம் பெண்கள் ஓர் எடைக்கல்லாக மாற்றிவிட்டார்கள். கறுக்காக்குறிச்சிக்காரர் உளியால் செய்ததை இவர்கள் பேச்சிலேயே செய்துவிட்டார்கள்.

தெருப்பிள்ளை நேற்று மறுபடி வந்தான். “அப்போ கோபத்துல வெட்டலையா தாத்தா?” என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு கேட்டான். அவனைக் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், பொன் வாரியம் என்ற எழுத்துகள் இருக்கும் சுவரைக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தான். எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை சொல்லித் தருகிறேன் என்றிருக்கிறேன்.

உங்கள் வீட்டில் பாட்டியின் காசுமாலை இருந்தால் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். எந்த ராஜா, எந்த ராணி, எந்த வருஷம் என்று எழுதிவையுங்கள். உருக்கப் போவதாக இருந்தாலும், உருக்கும் முன் ஒரு தடவை படித்துவிடுங்கள்.